ஊத் என்னும் பக்கவாத்தியம்

கச்சேரிக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு முன், பாடுகிறவர் யார் என்று கேட்ட அதே மூச்சில் "வயலின் யாரு? மிருதங்கம் யாரு?" என்றும் கேட்கும் ஒரு வர்க்கம் எங்கள் ஆழ்வார்பேட்டையில் இன்னும் க்ஷீணிக்காமல் இருந்துவருகிறது. டி.டி.கே. சாலையில் நாரத கான சபையும், சற்று வடக்கே போனால் சங்கீத வித்வத் சபையுமாக இரண்டு பெரிய மண்டபங்களை நடை தூரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு, பின்னால் உட்கார்ந்து வாசிப்பவருடைய மனோதர்மம் முன்னால் உட்கார்ந்து பாடுபவருடைய தலையெழுத்தையே மாற்றிவிடும் என்பது, சாஸ்திரம் படித்து அல்ல, நாற்காலி தேய உட்கார்ந்து கற்ற பாடம். அரபு நாட்டு ஊத் வாத்தியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் மார்கழிக் கச்சேரியில் தொடங்குவானேன் என்று வாசக அன்பர்கள் நினைக்கக்கூடும். அந்த வாத்தியத்தின் மகிமையை விளங்கிக்கொள்ள வேண்டிய பக்குவம், உலகத்தில் வேறெந்த ஊராரைக் காட்டிலும், பக்கவாத்தியக்காரர் பெயரைக் கேட்டு டிக்கெட் வாங்கும் நமக்கே அதிகம் வாய்த்திருக்கிறது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

வாத்தியத்தின் லக்ஷணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றாக விளைந்த பப்பாளிப்பழத்தை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற்போன்ற வயிறு, அதன்மேல் மெல்லிய பலகை, பலகையில் சித்திர வேலைப்பாடுள்ள வட்டத் துவாரங்கள், குட்டையான கழுத்து, கழுத்தின் முனையில், ஏறத்தாழச் செங்கோணமாகப் பின்னுக்கு மடங்கிய பிரடைப் பெட்டி. தந்திகள் சாதாரணமாகப் பதினொன்று. ஐந்து ஜோடிகளும், மந்தரத்தில் தனியாக ஒன்றும். முற்காலத்தில் கழுகின் இறகைச் சீவி அதனால் மீட்டினார்கள். இக்காலத்தில் அதே நீளமும் நெகிழ்வும் உள்ள பிளாஸ்டிக் துண்டு ஒன்று அதற்குப் பிரதியாக வந்திருக்கிறது. இரண்டையும் ரீஷா என்றே சொல்கிறார்கள். மெட்டு என்பது இந்த வாத்தியத்தில் மருந்துக்கும் கிடையாது.

மஸ்கட்டில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஊத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்திருந்தான். கடலோரத்து ஈரக்காற்று பட்ட மறுநாளே பிரடைகள் ஒன்றும் நில்லாமல் நழுவ ஆரம்பித்தன. எங்கள் வீட்டு வீணைக்கு மேளம் கட்ட வருகிற ஆசாரியைத்தான் அழைத்தோம். அவர் பரம்பரையாகத் தஞ்சாவூர் வேலை கற்றவர். ஒரே பலாக் கட்டையைக் குடைந்து குடமும் தண்டியுமாகச் செய்யும் ஏகாண்ட வீணையைத்தான் வீணை என்று ஒப்புக்கொள்பவர். ஊத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் முதுகை விரலால் நெடுநேரம் தடவிப் பார்த்தார். அந்த முதுகு ஒற்றைக் கட்டை அல்ல. காகிதத்தைவிடச் சற்றே தடித்தவை என்று சொல்லும்படியான மரச்சிம்புகளைச் சூடுகாட்டி வளைத்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து ஒட்டிச் செய்தது. "குடையறது ஒரு வேலைன்னா இது அதுக்கு மேல வேலை சார், ஒரு சிம்பு வளைஞ்சு கொடுக்கலேன்னா அத்தனையும் போச்சு" என்றார். பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெட்டே வைக்கலியே, எப்படி சார் சுருதி நிக்கும்?" என்று கேட்டார். தங்கை பிள்ளை, அது காதில்தான் நிற்கிறது என்றான். ஆசாரி சிரித்துக்கொண்டே சாக்குக்கட்டித் தூளைப் பிரடைகளில் தடவி இறுக்கிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் கேள்வி சாமானியமான கேள்வி அல்ல. நம்முடைய வீணையில் இருபத்துநான்கு மெட்டுகள் மெழுகில் நின்று ஸ்வர ஸ்தானங்களுக்குக் காவல் காக்கின்றன. அந்தக் காவலை மீறிக் கமகம் பேச வேண்டுமானால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஊத்தில் காவலும் இல்லை, மீறலும் இல்லை. அரபு சங்கீதத்துக்கு இந்தச் சுதந்திரம் அலங்காரத்துக்காக வேண்டியிருப்பது அல்ல, ஜீவாதாரமாகவே வேண்டியிருக்கிறது. மகாம் என்று அவர்கள் சொல்லும் ராக வகுப்புகளில் சில, நம்முடைய எழுபத்திரண்டு மேளங்களுக்குள் சிரமமின்றி அடங்கிவிடும். ஹிஜாஸ்கார் என்பதன் ஸ்வரங்கள் நம் பாலபாடமாகிய மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள், அஜம் சங்கராபரணம், குர்த் தோடியின் ஸ்தானங்கள், நவா அஸர் சிம்மேந்திரமத்யமம், நிக்ரீஸ் ஹேமவதி. ஸ்தானங்கள் ஒன்றே தவிர நடை வேறு. குர்த்தைக் கேட்டுவிட்டுத் தோடியை எதிர்பார்ப்பவன் ஏமாந்துபோவான். ஆனால் அவர்களுடைய மகாம்களில் மூத்ததாகக் கருதப்படும் ராஸ்த் இந்த எழுபத்திரண்டில் எதற்குள்ளும் அடங்காது. அதன் காந்தாரம் நம்முடைய சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, இரண்டு வீட்டிலும் குடியேறாமல் நிற்கிறது. முதல் தடவை கேட்கும்போது அபஸ்வரமோ என்று புருவம் சுருங்கும். பேகடையின் மத்தியமத்தையும் சஹானாவின் காந்தாரத்தையும் கேட்டுத் தலையாட்டிப் பழகினவனுக்கோ, கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்த ஸ்வரத்தின் நியாயம் புரிந்துவிடுகிறது. நமக்குப் பிரயோகத்தில் வழுக்கிக்கொண்டு வருகிற ஒரு ஸ்தானம், அவர்களுக்கு உட்கார்ந்து இளைப்பாறுகிற ஸ்தானமாக இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நமக்கும் அவர்களுக்கும் இந்த விஷயத்தில் பரிச்சயமே இருந்ததில்லை என்றும் சொல்வதற்கில்லை. 1550-இல் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதியிலும், அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டிப்ரகாசிகையிலும் மேள வரிசையில் ஹெஜ்ஜுஜ்ஜி என்ற ராகம் இடம்பெற்றிருக்கிறது. அது ஹிஜாஸ் என்ற மகாமின் உறவினர் என்பது சங்கீத சரித்திரக்காரர்கள் பலருடைய எண்ணம். இன்றைக்கு அதைப் பாடக் கேட்பது அபூர்வம். துறைமுகங்களின் வழியாக ராகம் வந்ததே ஒழிய, வாத்தியம் ஏனோ கூட வரவில்லை.

எங்கள் பேட்டைக்கும் கெய்ரோ நகரத்துக்கும் வேறொரு ஒற்றுமை உண்டு. இதைச் சொல்வதில் எனக்குத் தனியான சந்தோஷம். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாகத்தான் மறு வருஷம் சங்கீத வித்வத் சபை தோன்றியது. அதைத் தொடங்கிவைத்த சி.பி. ராமசாமி ஐயரின் இல்லமாகிய 'தி குரோவ்' எல்டாம்ஸ் சாலையில் இன்றும் மரநிழலுடன் இருக்கிறது. சபையில் ராக லக்ஷணங்களைப் பற்றி வித்வான்கள் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1932 மார்ச் மாதம், எகிப்து மன்னர் ஃபுவாத் அரபு இசைக்கென்று கெய்ரோவில் ஒரு மகாநாட்டைக் கூட்டினார். மொரோக்கோ முதல் இராக் வரையிலிருந்து வாத்திய கோஷ்டிகள் வந்தன. ஐரோப்பாவிலிருந்து பேலா பார்டோக், ஹிண்டமித், கர்ட் ஸாக்ஸ் போன்ற பிரக்யாதி பெற்றவர்கள் வந்தார்கள். மகாம்கள் எத்தனை, ஸ்வர ஸ்தானங்கள் எங்கே, பியானோவை அரபு சங்கீதத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று கமிட்டி கமிட்டியாக விவாதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியர்கள் பியானோ வேண்டாம், உங்கள் பழைய வாத்தியங்களின் நாதத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். எகிப்தியர்களில் நவீனக் கட்சியார் வேண்டும் என்றார்கள். நம்முடைய ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் ஹார்மோனியத்தைத் தள்ளிவைத்த கதையை அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் ருசி தெரியும். கட்டைகளில் அடைபட்ட ஸ்வரத்துக்கும் விரல்நுனியில் பிறக்கும் ஸ்வரத்துக்கும் இடையிலான வழக்கு அது. அங்கே விரல்நுனிக் கட்சியின் சாட்சியாக மேடையில் உட்கார்ந்திருந்தது ஊத்.

அந்த மகாநாட்டுக்கு பாக்தாதிலிருந்து முகம்மது அல்-குப்பான்ஜி என்ற மகா பாடகர் வந்தார். அவருக்குப் பக்கத்தில் ஊத் வாசித்தவர் எஸ்ரா அஹரோன் என்ற யூதர். அஸ்ஸூரி எஃபெண்டி என்று அரபு உலகம் அவரை அழைத்தது. அந்தக் கோஷ்டியில் பாடியவர் முஸ்லிம், வாத்தியக்காரர்கள் யூதர்கள். இரண்டு வருஷம் கழித்து எஸ்ரா அஹரோன் ஜெருசலேமுக்குக் குடிபெயர்ந்து அங்கே வானொலியில் அரபு இசைக்குழுவை நடத்தினார். இராக்கிலேயே இருந்து வானொலிக் குழுவைக் கட்டி வளர்த்த ஸாலிஹ், தாவூத் அல்-குவைத்தி என்ற யூத சகோதரர்களின் கதை இதைவிடத் துயரமானது. மூத்தவர் வயலின், இளையவர் ஊத். ஸாலிஹ் அமைத்த பாட்டுகள் இராக்கின் வீதிகளிலெல்லாம் ஒலித்தன. 1951-இல் அவர்கள் இஸ்ரேலுக்குப் போன பிறகு, பாட்டுகள் இராக்கில் நின்றன, பெயர்கள் அழிக்கப்பட்டன. போன தேசத்திலோ அரபுப் பாட்டுக்கு மரியாதை இல்லை, வயிற்றுப்பாட்டுக்குச் சந்தையில் கடை வைக்க வேண்டியதாயிற்று. மேடையில் பின்னால் உட்கார்ந்தவர்களைச் சரித்திரமும் பின்னால் தள்ளுவது சுலபமாக இருக்கிறது.

இனி நான் நெடுநாளாக எழுத நினைத்திருந்த மனிதருக்கு வருகிறேன். அவர் யாருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தாரோ, அந்த எகிப்தியப் பாடகி உம் குல்துமின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். மாதத்தில் முதல் வியாழக்கிழமை இரவு கெய்ரோ வானொலியில் அந்த அம்மாள் பாடினால் அரபு தேசங்களில் தெருக்கள் வெறிச்சோடிவிடும் என்பார்கள். ஒரு பாட்டு ஒரு மணி நேரம் போகும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சாயலில், நம் நிரவலைப் போலவே விஸ்தரித்துக்கொண்டு போவார். சபையோர் எழுந்து கூவுவார்கள். கூவலைக் கேட்டு அவர் மீண்டும் அந்த அடிக்கே திரும்புவார். இந்தப் பரவச நிலைக்கு தரப் என்று பெயர். இதை அளந்து கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த தேர்ந்த ரசிகர் கூட்டம் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். நம் சபைகளில் 'பலே' சொல்கிற மாமாக்களின் சகோதரர்கள் என்று அவர்களை மதிப்பதில் பிழையில்லை.

அந்தப் பாடகிக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடியும் கோட்டுமாக, மடியில் ஊத்தை வைத்துக்கொண்டு ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பதைப் பழைய ஒளிப்படச்சுருள்களில் காணலாம். அவர்தான் முகம்மது அல்-கஸப்ஜி. 1926-இல் உம் குல்துமுக்கென்று முதல் வாத்திய கோஷ்டியை அமைத்துக் கொடுத்தவர் அவர். நவீன எகிப்திய சங்கீதத்துக்குப் புது நடை வகுத்த வாக்கேயக்காரர்களில் ஒருவர். அவர் மெட்டமைத்த 'ரக் எல் ஹபீப்' என்ற பாட்டு, கேட்டவர்கள் மறக்க முடியாத சிருஷ்டி. ஆனால் 1940-களுக்குப் பிறகு அம்மாள் அவரிடமிருந்து புதிய பாட்டு ஏதும் எடுத்துக்கொள்ளவில்லை. ரியாத் அல்-சுன்பாதியிடமும் மற்றவர்களிடமும் போனார். கஸப்ஜியோ கோஷ்டியை விட்டுப் போகவில்லை. தம் மெட்டுகளை ஒதுக்கிய பாடகியின் பின்னால், தம்மினும் இளையவர்கள் அமைத்த மெட்டுகளுக்கு ஊத் வாசித்துக்கொண்டு, 1966-இல் காலமாகும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மறைந்த பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடாமல் அம்மாள் வெறுமையாகவே மேடையில் வைத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். காதல் என்று எழுதுகிறவர்கள் அதைவிட அதிகம். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அந்தக் கச்சேரிப் பதிவுகளில் திரளான வயலின்களுக்கு நடுவே, பாடகி ஒரு அடியை முடித்து மூச்சு வாங்கும் அந்த இமைப்பொழுதில், ஊத் இரண்டே மீட்டில் மகாமின் வாசலைக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிற இடங்கள் உண்டு. அவ்வளவு பெரிய வாத்திய சமுத்திரத்தில் அந்த இரண்டு மீட்டு காதில் விழுவதே அதிசயம். ஆனால் பாடகியின் காதில் விழுந்திருக்கிறது. அவர் அடுத்ததாக எடுக்கும் சஞ்சாரத்தில் அதற்குச் சான்று இருக்கிறது. ஊத்தின் நாதம் அற்பாயுசு உள்ளது. மீட்டிய கணத்தில் ததும்பி, அடுத்த கணமே ஓயத் தொடங்கிவிடும். நம் வீணையைப்போல நீண்ட கார்வைக்கு ஈடுகொடுக்காது. குரல் நீட்டும் இடத்தில் அது விட்டுக்கொடுக்கிறது, குரல் ஓயும் இடத்தில் அது பேசுகிறது. உடலமைப்பிலேயே பக்கவாத்தியத்துக்கென்று வார்த்தது போன்ற இந்தத் தன்மையைக் குறை என்று நினைத்தவர்கள்தாம் பின்னால் அதைத் தனிவாத்தியமாக்க முயன்றார்கள்.

அந்த முயற்சியின் வரலாறும் சிறியதல்ல. மக்காவின் ஷெரீஃப் வம்சத்தில் இஸ்தான்புல்லில் பிறந்த ஷெரீஃப் முஹித்தின், 1928-இல், நம் வித்வத் சபை பிறந்த அதே வருஷத்தில், நியூயார்க் டவுன் ஹாலில் செல்லோவும் ஊத்தும் தனியாக வாசித்துக் கச்சேரி செய்தார். பிற்பாடு பாக்தாதில் சங்கீதப் பள்ளி நடத்த அவரை அழைத்தார்கள். அங்கே அவரிடம் கற்றவர்கள் மோசூலில் பிறந்த ஜமீல் பஷீர், முனீர் பஷீர் என்ற கிறிஸ்தவ சகோதரர்கள். இளையவரான முனீர்தான் பாடகன் இல்லாத, கோஷ்டி இல்லாத, தாளவாத்தியமும் இல்லாத வெறும் ஊத்தை ஐரோப்பாவின் மண்டபங்களில் வைத்து, ஊசி விழுந்தால் கேட்கும் மௌனத்தில், ஒரு முழு மாலை நேரத்துக்கு வாசித்தவர். தக்ஸீம் என்ற அவர்களுடைய ஆலாபனை, அதுவரை பாட்டுக்கு முன்னால் சில நிமிஷம் வருவது, அவர் கையில் தானே ஒரு கச்சேரியாயிற்று. 1971-இல் ஜெனீவாவில் செய்த வாசிப்பின் இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே அவர் விடும் இடைவெளியைக் கேட்டால் அவரை மகான் என்று ஒப்புக்கொள்ளாதிருக்க முடியாது. 1997-இல் புடாபெஸ்டில் மறைந்தார். அவருக்குப் பின் இராக்கைச் சேர்ந்த நஸீர் ஷம்மா, கெய்ரோவிலும் அபுதாபியிலும் ஊத்துக்கென்றே பள்ளிகள் நிறுவி, தனிவாசிப்பையே இலக்காக வைத்து ஒரு தலைமுறையை உருவாக்கியிருக்கிறார். தேர்ச்சியில் அந்தப் பிள்ளைகளுக்குக் குறைவே சொல்ல முடியாது, விரல்கள் பறக்கின்றன. ஆனால் அந்த வேகத்தில் குரலின் மூச்சு எங்கே போயிற்று என்று என் காது தேடிக்கொண்டே இருக்கிறது. நம் வீணைக்காரர்களிடம் 'வாய்ப்பாட்டு மாதிரி வாசிக்கிறார்' என்பதுதான் இன்றும் உச்சமான பாராட்டு என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

முனீர் பஷீரையும் கஸப்ஜியையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது அநியாயம் என்று நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம்தான், இருந்தாலும் நான் பக்கவாத்தியக் கட்சி. இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள் ஒருவர் வேண்டுமானால் ஃபரீத் அல்-அத்ராஷ் இருக்கிறார். த்ரூஸ் குலத்துப் பிரபு குடும்பம். எகிப்துக்கு வந்து சினிமா நடிகரும் பாடகருமானவர். தம் பாட்டுக்கு முன்னால் தாமே தக்ஸீம் வாசித்துக்கொள்வார், நடுவில் திடீரென்று ஸ்பெயின் தேசத்து அல்பெனிஸின் மெட்டு ஒன்றை நுழைப்பார், சபை ஆரவாரிக்கும். முத்துசாமி தீக்ஷிதர் நோட்டு ஸ்வரங்களுக்கு ஸாஹித்யம் செய்த ஊர்க்காரர்களாகிய நாம் இதைக் கண்டு முகம் சுளிக்கலாகாது.

நம் பக்கத்துச் சம்பந்தங்களையும் இரண்டொரு வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். ஊத்தின் வாரிசாக ஐரோப்பாவில் லூட் பிறந்தது. அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிகளில் ஒன்றாகிய மாண்டலினைக் கையில் எடுத்து, ஜோடித் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்து, மின்சாரத்தில் பேசவைத்துக் கர்நாடக சங்கீதத்தின் கமகம் முழுவதையும் வாங்கிக் காட்டியவர் உ. ஸ்ரீநிவாஸ். மெட்டுள்ள பேரனை அரியணையில் ஏற்றிய சென்னை, மெட்டில்லாத பாட்டனை இன்னும் பார்க்கவில்லை என்பது என் மனக்குறை. இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் ஒலிப்பதிவுக்காரராக விளங்கிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர், 1990-களில் பாலஸ்தீனத்து ஊத் வித்வான் ஸைமன் ஷஹீனையும் மோகன வீணை விஸ்வ மோகன் பட்டையும் ஒன்றாக உட்காரவைத்து 'ஸல்தனா' என்ற தட்டைப் பதிவு செய்தார். பம்பாய் ஜெயஸ்ரீ, எகிப்தின் ஹிஷாம் அப்பாஸோடு சேர்ந்து பாடிய பாட்டு கெய்ரோவின் கல்யாண வீடுகள் வரை போயிற்று. அது வேறு ரகம், ஆட்டத்துக்கான பாட்டு, அதன் ரகத்தில் குறையில்லை.

கேட்க விரும்பும் அன்பர்கள் எதில் தொடங்குவது என்று கடிதத்தில் கேட்கிறார்கள். சுன்பாதி தனியாக வாசித்த தக்ஸீம்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பயாத்தி மகாமில் உள்ளதை முதலில் கேளுங்கள். பிறகு கஸப்ஜியின் 'ஸிக்ரயாத்தி' என்ற வாத்தியக் கிருதியைக் கேளுங்கள். அதன் பிறகு உம் குல்துமின் 'அல்-அத்லால்', சுன்பாதி மெட்டமைத்தது. ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்கிவைத்துக்கொண்டு, குரலை விட்டுவிட்டுப் பின்வரிசையில் காதை வையுங்கள். முனீர் பஷீரை நாலாவதாக வைத்திருக்கிறேன். அவரை முதலில் கேட்டவர்கள் மற்ற மூவரிடம் போவதே இல்லை என்பது நான் கண்ட அனுபவம்.